கப்பல் தெரியும் அறை

ஸ்ட்ரெச்சர் விடுதியின் லிஃப்ட்டுக்குள் நுழையவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் அதைக் கோணலாகத் திருப்பிப் பார்த்தார்கள், தலைமாட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. படி வழியாக இறக்கலாம் என்றால் பன்னிரண்டு மாடி.

"நாற்காலி ஏதாவது இருக்கா?" என்றார் இருவரில் மூத்தவர்.

அப்பாவை முதலில் பார்த்துக் கீழே தகவல் சொன்ன பெயிண்டர், தான் ஏறி நின்று வேலை செய்யும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்தார். அப்பாவை அதில் உட்காரவைத்து மார்புக்குக் குறுக்கே பெல்ட் போட்டார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மகள் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டாள். மற்றவர் ஸ்ட்ரெச்சரை மடித்துக்கொண்டு படியில் இறங்கினார். கதவு மூடியது.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட்டில் உட்கார்ந்துகொண்டு போவது அவருக்கு இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கதவுக்கு மேலே சின்னத் தகடு. ஆறு பேர், 408 கிலோ. எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் அப்பா முதலில் அதைத்தான் படிப்பார். பிறகு உள்ளே நிற்பவர்களை ஒவ்வொருவராக ஒரு பார்வை பார்ப்பார், தராசில் ஏற்றுவதுபோல. அவளும் எண்ணினாள். அப்பா, அவள், அந்த மூத்தவர். மூன்று பேர்.

பன்னிரண்டாம் எண் பொத்தானை நேற்று ஒரு காகிதம் மூடியிருந்தது, 'மேலே வேலை நடக்கிறது' என்று. இப்போது அந்தக் காகிதம் பொத்தான்களுக்குப் பக்கத்தில் நேராக ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த முறை உரிக்கத் தோதாக டேப்பின் ஒரு முனை மட்டும் உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. வீட்டில் அப்பா ஒட்டும் எந்த டேப்பிலும் அந்த மடிப்பு இருக்கும்.

"ஆஸ்பத்திரி பக்கந்தாம்மா. நாலே நிமிஷம்," என்றார் ஆம்புலன்ஸ்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த விடுதி.

மூன்று வாரத்துக்கு முன்பு அண்ணன் வெளிநாட்டிலிருந்து கப்பல் டிக்கெட் அனுப்பியிருந்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். துணைக்கு அவளும் சேர்த்து மூன்று டிக்கெட், ஐந்து நாள் பயணம். கப்பல் காலையில் வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும். முதல் நாளே துறைமுகம் இருக்கும் பெரிய நகரத்துக்குப் போய் ஓர் இரவு தங்கியாக வேண்டும். ஐந்து நாள் கப்பலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அந்த ஓர் இரவு எங்கே தங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"ஸ்டேஷனுக்கு எதிர்லயே பாரு," என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. "பெட்டிய இழுத்துட்டு என்னால ஊர் சுத்த முடியாது."

"ஸ்டேஷன பாக்கவா அவ்ளோ தூரம் போறோம்? ஹார்பர் பக்கம் பாரு பாப்பா. ஒசரமா, கப்பல் தெரியற மாதிரி." முப்பத்தொரு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"ஒசரமா எடுத்தா நான் ஏற மாட்டேன்."

"நீ கீழ ரிசப்ஷன் சோபாவுல படுத்துக்க. நானும் பாப்பாவும் மேல போறோம்."

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி லிஃப்ட்டில் ஏற மாட்டாள். கல்யாணமான புதிதில் தன் வேலையின் பெருமையைக் காட்ட அப்பா சொன்ன கதைகள்தான் காரணம். கயிறு அறுந்த கதை, கதவு திறந்தும் லிஃப்ட் வராத கதை. மனிதர் சுவைபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா எங்கே போனாலும் படிதான்.

"மறுநாள் ஏறி உக்காரப்போற கப்பலு. அத எதுக்கு ஜன்னல் வழியா வேற பாக்கணும்?"

"ஏறிட்டா கப்பல் தெரியாதுடி. லிஃப்ட்டுக்குள்ள நிக்கறவனுக்கு லிஃப்ட்டு தெரியுமா? நாலு சுவருதான் தெரியும். அது உள்ள வந்து நிக்கறத வெளிய இருந்து பாக்கணும்."

மகள் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் கட்டம் போட்டுத்தான் அவளால் முடிவெடுக்க முடியும். மூன்று விடுதிகளை எழுதினாள். ஸ்டேஷன் தூரம், துறைமுகத் தூரம், எத்தனையாவது மாடி. கடைசியாக, தலைப்பு எழுதாமல் ஒரு கட்டம்: இதய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. துறைமுக விடுதிக்கு நேரே நாற்பது என்று வந்தது, அதுவும் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால். இந்த விடுதிக்கு நான்கு.

அந்தக் கட்டம் உள்ளே போகும்படி காகிதத்தை மடித்துவைத்தாள்.

"ஹார்பர் ஹோட்டல்ல ரூம் இல்லப்பா. ஃபுல்லாம்."

அப்பா கண்ணாடிக்கு மேலாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா," என்றார். "சரி, ரெண்டாவது மாடியாவே போடு. அம்மா நடக்கணும்ல."

நேற்று மாலை அறைக்குள் வந்ததும் அவர் முதலில் திரையைத்தான் விலக்கினார். எதிர்க் கட்டடத்தின் முதுகு. சுவர் முழுக்கக் கழிவுநீர்க் குழாய்கள்.

"பைப் லைன் நல்லா இழுத்திருக்கான்," என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் இளைஞர். கொண்டுவருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பதை இரண்டு விதமாகச் சொன்னார். எப்போது நடந்திருக்கும் என்று அவள் கேட்டாள்.

"ஆறுலேருந்து ஏழுக்குள்ள. சரியா சொல்ல முடியாது."

கப்பல் உள்ளே வரும் நேரம் ஆறரை. முந்தின இரவு அப்பா அவளிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்ட நேரம் அது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் அந்த ஆறரை நின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அதை யாரிடமும் கேட்க முடியாது.

அம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"அஞ்சே முக்கா இருக்கும். காத்து வாங்கிட்டு வரேன்னாரு. நான் தூக்கத்துலயே உம்முன்னேன்." பிறகு, "எந்திரிச்சு ஒரு வார்த்த பேசியிருக்கலாம்," என்றாள்.

மகள் அந்த 'உம்'மைக்கூடக் கேட்கவில்லை. ஓரக் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழேகாலுக்கு ரிசப்ஷனிலிருந்து ஃபோன் வந்தபோதுதான் விழித்தாள். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த சாவி அட்டையில் அறை எண்ணைப் பார்த்திருக்கிறார்கள்.

நர்ஸ் ஒரு கவர் கொடுத்தாள். கைக்கடிகாரம், கண்ணாடி, சாவி அட்டை, நீலக் கைக்குட்டை. கைக்குட்டை முழுக்க வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. அப்பா தினமும் தானே துவைத்து நாலாக மடித்து எடுத்துப்போகும் கைக்குட்டை. தூசியில் விழுந்திருப்பார், கையைத் துடைக்கப் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். அந்த நினைப்பை அதற்குமேல் போகவிடவில்லை.

அண்ணன் ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அந்த ஹார்பர் ஹோட்டல்லயே போட்டிருக்கலாம்ல?" என்றான். "அவ்ளோ ஆசையா சொன்னாரு எங்கிட்ட."

"ரூம் இல்ல," என்றாள்.

இரண்டாவது தடவை அந்தப் பொய் இன்னும் சுலபமாக வந்தது.

அப்பாவை ஊருக்கு எடுத்துப்போகும் வண்டி ஆறு மணிக்கு என்றார்கள். நாலரைக்கு இருவரும் பெட்டிகளை எடுக்க அறைக்கு வந்தார்கள். கப்பலில் போட்டுக்கொள்ள வாங்கிய கான்வாஸ் ஷூ கட்டிலுக்கடியில் இருந்தது. உள்ளே திணித்த கடைக் காகிதம்கூட எடுக்கப்படவில்லை. அம்மா அதைத் துண்டால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மாத்திரை டப்பாவை எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எத்தன மணிக்குக் கெளம்புது அது?"

"அஞ்சுக்கும்மா."

"அவர் உக்காந்திருந்த எடத்த நான் பாக்கணும்."

"பன்னெண்டாவது மாடிம்மா."

"அது தெரியும்."

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். அம்மா லிஃப்ட்டின் முன்னால் போய் நின்றாள். கதவு திறந்ததும், ஆற்றில் இறங்குகிறவளைப்போல முதலில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்து, பிறகு உள்ளே வந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள்.

"மேல ஏதோ படிப்பாரே. என்ன எழுதியிருக்கு?"

"ஆறு பேரு, நானூத்தி எட்டு கிலோ."

"நாம ரெண்டே பேருதான," என்றாள் அம்மா.

லிஃப்ட் நகர்ந்தது. நான்கு. ஐந்து.

"அம்மா, அந்த ஹோட்டல்ல ரூம் இருந்துச்சும்மா. நாந்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்." அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "மறுநாளே ஃபோன் போட்டுக் கேட்டுட்டாரு. மூணு ரூம் காலியா இருக்குன்னானாம். நீ மடிச்சு வெச்ச பேப்பரையும் பிரிச்சுப் பாத்துட்டாரு."

எட்டு. ஒன்பது.

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. பழைய வண்டிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசல்லயே நிறுத்தி வெக்கப் பாக்குறா உம் பொண்ணுன்னாரு. ஒண்ணும் கேக்காத, அவ பயம் அவளுக்குன்னாரு."

அவள் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் எழுதியிருந்தது இப்போது படிக்கிறபடி இல்லை.

மேல்மாடியில் சுவரைச் சுரண்டும் வேலையை அன்றைக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். பெயிண்டர் மட்டும் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கடைசியில, அந்த நாலாவது ஜன்னலுக்குக் கீழம்மா. செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. தூங்குறாருன்னுதான் நெனச்சேன்." சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

நடையின் ஒரு பக்கம் முழுக்க வரிசையாக நான்கு பெரிய கண்ணாடிகள். சுவர் சுரண்டிய தூசி அவற்றில் மாவு பூசியதுபோலப் படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. காலையில் தலைதெறிக்க ஓடிவந்தபோது அவள் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

முதல் கண்ணாடியில், அப்பாவின் கண் உயரத்தில், ஒரு வட்டம் துடைக்கப்பட்டிருந்தது.

குதிகாலைத் தூக்கி அதன் வழியாகப் பார்த்தாள். வெறும் கடல். இரண்டாவது கண்ணாடியிலும் ஒரு வட்டம். அதில் கடலும், நீண்டு கிடந்த கல்சுவரும், அதன் முனையில் விளக்குக் கம்பமும். மூன்றாவதில் அவசரமாகத் துடைத்ததுபோல் நீள்வட்டம். பாரந்தூக்கிகள், தகரக் கூரைகள்.

நாலாவதில் இருந்த வட்டம் எல்லாவற்றையும்விடப் பெரியது. சாவகாசமாக, ஓரங்கள் வரை துடைத்திருந்தார். அதன் நடுவில் கப்பல் நின்றது. வெள்ளையாக, மாடி மாடியாக, ஜன்னல் ஜன்னலாக.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி தெரியுது?" அம்மா பக்கத்தில் வந்து எக்கிப் பார்த்தாள். அப்பாவின் தோள்வரைக்கும்கூட வராத உயரம். "எனக்கு எட்டலையே."

மகள் கையோடு கொண்டுவந்த கவரிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். தூசி படாத பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தாள். அப்பாவின் வட்டத்தைத் தொடாமல், அதற்குக் கீழே, அம்மாவின் கண்ணுக்கு நேராகத் துடைத்தாள்.

அம்மா இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டாள். மாத்திரை டப்பா இன்னும் ஒரு கையில் இருந்தது.

"இவ்ளோ பெருசா," என்றாள்.

தூரத்தில் கப்பலின் சங்கு ஒலித்தது, கண்ணாடிக்குள் மெல்லிய அதிர்வாக. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோடு தண்ணீர் தெரிந்தது. கோடு அகலமானது. கப்பலின் முன்பக்கம் மெல்லத் திரும்பி, வட்டத்தின் இடது ஓரத்துக்கு அப்பால் போக ஆரம்பித்தது.

"போவுது," என்றாள் அம்மா.

அவள் மூன்றாவது கண்ணாடிக்குப் போய்க் கீழே துடைத்தாள். அம்மா நகர்ந்து வந்தாள். தகரக் கூரைகளுக்கு மேலே கப்பல் கடந்துபோனது. இரண்டாவது கண்ணாடியைத் துடைத்தாள். அம்மா வந்தாள். கல்சுவரைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போனது.

முதல் கண்ணாடிக்கு வந்தபோது கைக்குட்டையில் சுத்தமான இடம் மிச்சமில்லை. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளங்கையால் துடைத்தாள்.