சேரக்கூடிய நாள்

“உடனேன்னு போட்டா உன் கை தேஞ்சா போயிடும்? ஒரே ஒரு வார்த்தை.”

“போடறேன். போட்டுட்டு அடுத்த வாரமே கிளம்பறேன். அப்புறம் அப்பாவை யாரு புரட்டிப் படுக்க வைப்பா? நீ வைப்பியா அண்ணா?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“உன்னோட ‘அப்புறம்’ வரும் வரும்னு ரெண்டு வருஷமா வாசலைப் பாத்துட்டிருக்கேன். வந்த பாடில்லை.”

மூன்றாவது மாடியில் நடந்த இந்தச் சண்டையைத் தரைத்தளத்து டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்டார் என்று அவர்மேல் பழி போடக்கூடாது. அந்த வீட்டில் கிடந்த பெரியவருக்குக் காது மந்தம். காது மந்தமானவர் இருக்கிற வீட்டில் உப்புத் தீர்ந்தாலும் ஊருக்குத் தெரியும். வேலை விண்ணப்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் மட்டும் தெரியாமல் போய்விடுமா?

சின்னவள் முன்பு ஒரு செருப்புக் கம்பெனியின் அனுப்புதல் பிரிவில் இருந்தாள். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டாள். அம்மா போய்ப் பல காலம். அண்ணன் ஓடு, டைல்ஸ் விற்கிற கடையில் உதவி மேனேஜர். ‘உதவி’யை அவரே நாளடைவில் விழுங்கிவிட்டதால் நாங்கள் எல்லோரும் மேனேஜர் என்றே கூப்பிடுவோம். தனிக்குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வருவார், ஒன்றை அவரே உரித்துத் தின்றுவிட்டுப் போவார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. நோயாளியின் பக்கத்தில் நிற்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது வெளியூரில் ஒரு மருந்துக் கிடங்குக்கு அனுப்புதல் பொறுப்பாளர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. நல்ல சம்பளம், தங்க இடம். கீழே ஒரு வரி: உடனடியாகச் சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அவளுக்கு முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம் ஆகிறது. இதை விட்டால் அடுத்தது எப்போது வரும், வந்தாலும் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவளை எவன் எடுப்பான் என்பது அவளுக்கும் தெரியும், மாடிப்படியில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

கடிதத்தை எழுத எழுத அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அதனால் அந்த வாரம் முழுக்கக் கட்டடமே உட்கார்ந்து எழுதியது. முதல் தடவை, ‘நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள்’ என்று ஆரம்பித்திருந்தாள். அன்றைக்குப் பால் வாங்க இறங்கியபோது டெய்லர் சொன்னார்: “எந்தக் கடைக்காரனாவது ‘இங்கே துணியைக் கெடுத்துத் தரப்படும்’னு போர்டு மாட்டுவானா? எல்லாரும் நல்லாத் தைப்போம்னுதான் சொல்லுவோம்.” அதோடு விட்டிருந்தால் கெட்டிக்காரர். முழு உருவப் போட்டோவும் ஒட்டச் சொன்னார். மேனேஜர் போனில் தேடிப் படித்துவிட்டு வந்து, ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது, அவனுக்கு என்ன தேவையோ அதிலிருந்து ஆரம்பிக்கணும், உன் புராணத்திலிருந்து இல்லை என்றார். எதிர்வீட்டு அக்கா, “‘பணிவுடன்’ங்கிறது மூணு இடத்துல வருதும்மா, ரெண்டை எடுத்துடு, ரொம்பக் குனிஞ்சா முதுகுல ஏறிடுவாங்க” என்றாள்.

எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட பத்தி ஒன்றுதான். செருப்புக் கம்பெனியில் ஒரே பெட்டியில் இரண்டு இடது கால் செருப்பு போய்விட்டது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இவள் பொறுப்புக்கு வந்ததும், ஜோடியைச் சேர்த்து ஒரு நூலால் கட்டாமல் பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்று வழக்கம் பண்ணினாள். ஜோடி சேராததைக் கட்டும்போதே கை சொல்லிவிடும். புகார் நின்றுபோனது. இதை நாலே வரியில் எழுதியிருந்தாள்.

பெரியவருக்கு அந்தப் பத்தி உயிர். இடது கையும் இடது காலும் போன மனிதர். “அந்த ரெண்டு இடது காலைப் படி” என்பார். படித்து முடித்ததும், “எனக்கும் இப்ப ரெண்டும் இடது காலாயிடுச்சு. எவன் கட்டினான்னு தெரியலை” என்பார். சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம்தான் போகும்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். படுக்கையில் கிடந்தபடியே எங்கள் கட்டடத்து லிஃப்டின் சத்தத்தைக் கேட்டுத் திட்டுவார். முதுகுப் புண் அதிகமாகாமலிருக்க மோட்டார் வைத்த காற்றுப் படுக்கை ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். ராத்திரி பகல் ‘ம்ம்ம்’ என்று அது முனகிக்கொண்டே இருக்கும். ஒரு வரிசை உப்பும், ஒரு வரிசை தணியும். அது போதாதென்று சின்னவள் வேறு நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பாள். தோளுக்கு அடியில் ஒரு கை, முட்டிக்கு அடியில் ஒரு கை. தூக்கும்போது பெரியவர் “ஏறுது” என்பார். புரண்டு படுத்து, தலையணை சரியானதும் “நின்னாச்சு” என்பார். நின்னாச்சு என்று சொன்ன பிறகுதான் அவள் கையை எடுப்பாள். விருந்தாளிகள் முன்னாலும் இதேதான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், சிரிக்க முடியாது.

சண்டை முடிந்து மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். சின்னவள் கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“என்ன சண்டை?” என்றார் பெரியவர்.

“ஒண்ணுமில்லப்பா. வாயைத் திறங்க.”

“எனக்குக் காது மந்தம். செவிடு இல்ல.” இரண்டு வாய் வாங்கிக்கொண்டு மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொண்டார். “கடைசி வரியைப் படி.”

அவள் படிக்காமல் இருந்தாள். அவர் ஸ்பூனுக்கு வாய் திறக்காமல் இருந்தார். யார் ஜெயிப்பார் என்று தெரிந்ததுதான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள்: “எனது தந்தையின் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால், ஒரு மாத அவகாசத்தில் பணியில் சேர இயலும்.”

“பராமரிப்பா?” என்றார். “நான் என்ன லிஃப்டா? மாசம் ஒரு தடவை எண்ணெய் போடணும்னு சேத்து எழுதிடு.”

“வேற எப்படிப்பா எழுதறது?”

“என்னை எழுதாதே. உடனேன்னு போடு.”

“உங்களை யாரு பாத்துப்பா?”

“நான் பாத்துக்கறேன்.”

தானாகப் புரண்டு படுக்க முடியாதவர் இதைச் சொன்னார். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “சரிப்பா, போட்டுடறேன்” என்றாள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது “சரி, போக வேணாம்” என்பாளே, அதே சரி. அவர் திருப்தியாக வாயைத் திறந்தார்.

புண்ணுக்கு மருந்து வைக்க வருகிற நர்ஸ் பெண் மதியம் வந்தாள். அவள் படியேறிய கையோடு டெய்லரும், தைக்கக் கொடுத்த தலையணை உறையைத் தருகிற சாக்கில் ஏறி வந்தார். இரண்டு உறையை ஒவ்வொன்றாகத் தைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கிற டெய்லரை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. நர்ஸ் அவரைப் பார்க்காத மாதிரியே கையுறை மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, இந்தப் பக்கம் முடிஞ்சுது. ஜன்னல் பக்கமாத் திருப்பிக்கலாம்.”

சின்னவள் தோளுக்கு அடியில் ஒரு கையும் முட்டிக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தாள்.

“ஏறுது” என்றார் பெரியவர்.

அவர் புரண்டு படுத்தார். அவள் தலையணையைச் சரிசெய்தாள். சட்டை முதுகில் மடங்கியிருந்ததை நீவிவிட்டாள். கையை எடுக்காமல் காத்திருந்தாள். லிஃப்ட் எங்கேயோ கீழே கதவு மூடியது. மோட்டார் முனகியது. நர்ஸ் பஞ்சைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கழுத்தில் விரல் வைத்தாள். அப்புறம் மெதுவாக, “அக்கா, கையை எடுங்க” என்றாள்.

சின்னவள் எடுக்கவில்லை.

மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்தார். “என்ன?” என்றார். போனில் இருந்தவரிடமும், “என்ன?” என்றார். அப்புறம் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். காலையில் மூன்று மாடிக்கும் கேட்ட குரல் எங்கே போனதோ, அவர் அழுதது பக்கத்தில் நின்ற டெய்லருக்கே கேட்கவில்லை. தோள் குலுங்கியதால் தெரிந்தது.

செய்தி படியிறங்கிப் போய், ஆட்கள் படியேறி வந்தார்கள். உள்ளூரிலேயே சொந்தம் எல்லாம் இருந்ததால் மாலையே எடுத்துவிடுவது என்று முடிவானது. வந்தவர்கள் எல்லோரும் நன்றாகவே துக்கம் விசாரித்தோம். ஆனால் எல்லோர் கண்ணும் ஒரு தடவையாவது சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்ததை மறைக்க முடியாது. ஐந்து மணி எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து மணி. எதிர்வீட்டு அக்கா சின்னவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, விலகுகிற நேரத்தில் காதோரம், “அனுப்பிட்டியா?” என்று கேட்டாள். அவள் தலையை ஆட்டினாள். அது ஆம் என்றா இல்லை என்றா என்று அக்காவுக்குப் புரியவில்லை. புரியாததை அப்படியே வெளியே வந்து எங்களிடம் சொன்னாள்.

கடைசியில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தது மேனேஜர்தான். கண் சிவந்து, சட்டை கசங்கி, அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“நேரமாகுது.”

“வேணாம் அண்ணா.”

“அனுப்பலைன்னா அப்பா திட்டுவாரு.” சொல்லிவிட்டு இரண்டு பேரும் படுக்கையைப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவரை நேராகக் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. துணிக்கு அடியில் படுக்கை ஒரு வரிசை உப்பி, ஒரு வரிசை தணிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

“அந்தக் கடைசி வரி…” என்று ஆரம்பித்தார் மேனேஜர். “இப்போ வேணும்னா…” என்றார். மேற்கொண்டு வரவில்லை. காலையில் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை. மருந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் கையை நிறுத்தினாள். கதவோரம் நின்ற டெய்லர் மின்விசிறியைப் பார்த்தார்.

சின்னவள் லேப்டாப்பை மடியில் வாங்கி, கடைசி வரிக்குப் போனாள். ‘எனது தந்தையின்’ என்பதில் ஆரம்பித்து ‘வேண்டியிருப்பதால்’ வரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மொத்தமாக அழிக்கத் தெரியாதவளில்லை. மீதி இருந்தது: ‘ஒரு மாத அவகாசத்தில் பணியில் சேர இயலும்.’

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “காரணமே இல்லாம மொட்டையா இருக்கே.”

“இருக்கட்டும்.”

“இனிமே எதுக்கு ஒரு மாசம்னு கேப்பான்.”

“கேட்டாச் சொல்லிக்கலாம்.”

“உடனே வரேன்னு எழுதினவனை எடுத்துக்குவான் பாப்பா.”

சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். வெகுநாளாக அப்பா மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. “எடுக்கட்டும்” என்று சொல்லி, அனுப்பினாள்.

எங்கள் லிஃப்டில் மனிதர் நிற்கத்தான் இடமுண்டு, படுக்க இடமில்லை. ஆயுள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கின மனிதரைப் படிக்கட்டில்தான் இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் மேனேஜர், “மெதுவா, மெதுவா” என்றார். தலைமாட்டை அவர் கடைசிவரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

கிடங்கிலிருந்து ஒரு வாரம் பேச்சே இல்லை. பிறகு கூப்பிட்டார்கள். நேர்காணலில் அந்த இரண்டு இடது கால் கதையைத்தான் திரும்பச் சொல்லச் சொன்னார்களாம். ஒரு மாதம் எதற்கென்று யாரும் கேட்கவில்லையாம். உடனே சேருகிறேன் என்று எழுதியிருந்த ஒருவர் உடனே சேர்ந்து, உடனே விட்டுவிட்டும் போனார் என்று டெய்லர் சொன்னார். அவர் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெய்லருக்கும் அந்த நர்ஸ் பெண்ணுக்கும் அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கடை போட்டிருக்கிறார். இங்கே அவர் இடத்தில் போன் ரிப்பேர்க்காரன் வந்திருக்கிறான். மேனேஜர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அப்பாவின் வீட்டுக்கே குடிவந்துவிட்டார். இன்னும் உதவி மேனேஜர்தான். லிஃப்ட் நின்றால் முதலில் கீழே ஓடுகிறவர் அவர்தான், ஒன்றும் தெரியாவிட்டாலும். சின்னவள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். விடுமுறைக்கு வருகிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கல்யாணம் பற்றிக் கேட்டால் எதிர்வீட்டு அக்காவிடம்கூடப் பிடிகொடுப்பதில்லை.

அந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாங்கள் சொல்லலாம். எடுத்த மறுநாளே இரண்டாவது மாடிக்காரர் தன் மாமியாருக்குக் காற்றுப் படுக்கையைக் கேட்டார். “கொஞ்ச நாள் போகட்டும் சார்” என்றாள். கட்டிலைக்கூட மேனேஜர் கழற்றிவிட்டார். ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் அந்த மோட்டார் சத்தம் முன்பு போலவே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பெட்டியோடு கிளம்பிய அன்று காலையில்தான் நின்றது. அதற்கப்புறமும் காற்று இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.