பிறக்காத சிப்புக்கு வந்த புகார்

தைவானில், சிஞ்சு நகரின் அறிவியல் பூங்காவில், இன்னும் செய்யப்படாத ஒரு கைபேசிச் சிப்பின் மேல் முதல் புகார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. சிப் கடைக்கு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அப்போது அது வெறும் வரைபடம். வார்த்தெடுத்த பிறகு தவறு தெரிந்தால் நிறுவனமே மூழ்கிவிடும் என்பதால், வரைபடத்தை முதலில் எமுலேட்டரில் ஏற்றிப் பார்ப்பார்கள். எந்த வரைபடத்தை ஏற்றினாலும் அந்த இயந்திரம் அந்தச் சிப்பாகவே நடந்துகொள்ளும். வேகம் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு பீரோ அகலம் இருந்ததால் அதைப் பீரோ என்றே அழைத்தார்கள். ஒழுங்காக வேலை செய்வதற்காக, அந்த ஊரின் எல்லா இயந்திரங்களின் தலையிலும் இருப்பதுபோல, அதன் தலையிலும் ஒரு பச்சைப் பொட்டலத் தேங்காய்ப் பொரி உட்கார்ந்திருந்தது. பீரோவிலிருந்து ஒரு கம்பி மூடியில்லாத கைபேசிப் பலகை ஒன்றுக்குப் போனது. பலகையில் ஒலிபெருக்கி, மைக், சின்னத் திரை எல்லாம் உண்டு, ஆன்டெனா கிடையாது. அந்தப் பலகைதான் ஒலித்தது. திரையின் மூலையில் அடுத்த ஆண்டு அக்டோபர் என்றிருந்தது.

எடுத்தவள் பெங் யூச்சியாவ். சூடோங் ஊர்ப் பக்கத்து ஹக்கா இனப் பெண், வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். அவள் கணவர் புதுச் சட்டையை அவள் எதிரில் முதல் தடவை போடுவதில்லை. மறுமுனையிலிருந்தவர் 'ஹலோ' என்று சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்த முனகலை மின்விசிறிப் பழுதென்று நினைத்து ஒருவர் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். பதிவு செய்து வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். பதிவில் இரைச்சலைத் தவிர எதுவும் விழவில்லை. இரவும் பகலும் முறைவைத்துக் காதால் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றானது. செவ்வாய் மதியத்துக்குள், பேசுகிறவர் ஜியாயியில் அன்னாசி பயிரிடும் வெங் என்பதும், கைபேசி வாங்கி ஒரு மாதமாகிறது என்பதும் தெரிந்தன. என்ன கோளாறு என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.

மேலாளர் துங்குக்கு இது பிடிக்கவில்லை. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வரைபடம் ஆலைக்குப் போக வேண்டும். புதன் காலை பீரோவை, சிப்பின் கேமராப் பகுதியைச் சோதிக்கிற கேமராக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

"ஒரு அன்னாசிக்காரன் கதைக்காக பீரோவப் புடிச்சு வச்சிட்டிருக்கியா?" என்றார்.

"அவரு இன்னும் விஷயத்துக்கே வரல சார். நடுவுல கட் பண்ணா மரியாதையா இருக்குமா?"

"அந்த ஆளு இன்னும் போனே வாங்கலம்மா! யாருக்கு மரியாதை?"

புதன் முழுவதும் வெங் மழையைப் பற்றிப் பேசினார். பீரோவைப் பிடுங்கிக்கொள்ள வந்த கேமராக் குழு, அவர் மருமகளைப் பற்றி ஆரம்பித்ததும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. மருமகள் சமைக்க மாட்டாளா, இல்லை சமைத்து வைத்தும் மாமனார் சாப்பிட மாட்டாரா என்பது அடுத்த அசையில்தான் தெரியும். அதற்கு எட்டு நிமிடம் இருந்தது. இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆளுக்கொரு மீட்பால் சூப், அதாவது அந்த ஊர் இறைச்சி உருண்டை சூப், பந்தயம் கட்டினார்கள். மருமகளுக்கு ஆள் அதிகம்.

வியாழன் மதியம் அவர், "கேக்குதாம்மா?" என்றார். பதிலுக்கு ஒரு 'ம்' போடாவிட்டால் வைத்துவிடுவார். எட்டு நிமிட 'ம்' எந்த ஒருவர் மூச்சுக்கும் எட்டாது. யூச்சியாவ் ஆரம்பித்தாள், மூச்சு முட்டியபோது அடுத்தவர் அதே சுருதியில் பிடித்துக்கொண்டார், பிறகு இன்னொருவர். சுற்றிச் சுற்றி வந்து கடைசி ஒன்றரை நிமிடத்துக்கு யாரிடமும் மூச்சு இல்லை. கதவருகே கை கட்டி நின்ற துங், வாரக் கடைசிகளில் கரோக்கியில் பாடுகிறவர், காலரைத் தளர்த்திக்கொண்டு முன்னால் வந்து எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரும் அங்கிருந்து போகவில்லை.

வெள்ளி காலை பதினொன்றுக்கு வெங்கின் பேச்சு முடிந்தது. யூச்சியாவ் எழுதியதைச் சேர்த்து வாசித்தாள்: "சார்ஜ் போட்டுக்கிட்டே எம்மவகிட்ட பேசிட்டிருந்தேன். அப்போ பாத்து தண்ணி பாய்ச்சுற அலாரம் அடிச்சுது. போன் ஊமையாயிடுச்சு. அவ என் உசிரு போச்சோன்னு ஆம்புலன்ஸ அனுப்பிட்டா. நாலு வார்த்த நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கணும்னுதான் போட்டேன். நீ பொறுமையா கேட்டே. சரி, வைக்கிறேன்."

யாரும் அந்த மூன்றையும் ஒரே நொடியில் சோதித்ததில்லை. சோதித்தார்கள். இரண்டு மணிக்குப் பலகை ஊமையானது. துங் ஆலைக்குப் போகவிருந்த வரைபடத்தை நிறுத்திவிட்டு, தன் வேலை போனது என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, தலைவரின் அறைக்குப் போனார்.

"எந்த வாடிக்கையாளர் புகார்?" என்று கேட்டார் தலைவர்.

"அடுத்த வருஷத்து வாடிக்கையாளர் சார்."

தலைவர், துங் நீட்டிய புகார்ப் படிவத்தில் தேதியைப் பார்த்தார். வாடிக்கையாளர் புகாரை ஏழு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. எந்த வருடத்து வாடிக்கையாளர் என்று விதியில் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

தவறு வரைபடத்தின் இரண்டு வரிகளில் இருந்தது. திருத்தி, எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டி முடித்த ஏழாம் நாள் காலை, பலகை மீண்டும் ஒலித்தது. திரையின் மூலையில் இந்த முறை அடுத்த ஆண்டு செப்டம்பர் என்றிருந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை யாரும் சாப்பிடவில்லை. ஒரு பெண் குரல் பெய்மென் தெருவில் ஒரு கதவு எண்ணைச் சொல்லி, இன்று நிலா விழா, மதியத்துக்கு இருபது கிண்ணம் மீட்பால் சூப் வேண்டும், கொத்தமல்லி தனியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தது. ராங் நம்பர். குறையொன்றும் சொல்லவில்லை. துங் யூச்சியாவின் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு வரைபடத்தை ஆலைக்கு அனுப்பினார்.

சிப் வந்தது, நன்றாக விற்றது. அக்டோபரில் ஜியாயியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அதற்கு முன்பே, நிலா விழாவன்று, யூச்சியாவும் துங்கும் இருபது கிண்ணங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, தொப்பியைப் பறிக்கிற காற்றில் ஸ்கூட்டரில் பெய்மென் தெருவுக்குப் போனார்கள். கதவைத் திறந்த பெண் பைகளை எண்ணி வாங்கினாள். கொத்தமல்லி தனியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பதான சொன்னேன், அதுக்குள்ள ஆறிடுச்சே?" என்றாள்.

யூச்சியாவ் அதைக் குறித்துக்கொண்டாள்.