வாளியோடு போனவள்

மூடி போட்ட வெள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு மார்லா தன் பீர்க்கூடத்திலிருந்து தெருவில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஆரெகனில் அதையெல்லாம் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குடை எடுத்தால் சிரிப்பார்கள். எதிரே இருந்த டுவெய்னின் பீர்க்கூடத்துக்கு அவள் போய் இரண்டு வருடமாகிறது. பெரிய கம்பெனிக்கு அவன் அதை விற்றதிலிருந்து தெருவில் பீர் காய்ச்சுகிறவர்கள் யாரும் அவனோடு பேசுவதில்லை. அறுவடைத் திருவிழாவில் அவனுக்கு இடம் தரக்கூடாது என்று முதலில் கையைத் தூக்கியவள் மார்லாதான்.

அந்தத் தெருவில் பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் கெட்டுப்போனால் யாரும் கலங்குவதில்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பதுபோல வாளியோடு போய் நிற்பார்கள். மார்லாவின் கணவன் கஸ் கட்டிக் காத்து வளர்த்த ஈஸ்ட் அவளுடையது. டுவெய்ன் தொழில் தொடங்கியபோது அதில் முதல் வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கஸ்தான். அதே ஈஸ்ட் எதிரே டுவெய்னிடமும் இருக்கிறதே என்று வேறெங்கும் ஒரு துளிகூட அவள் எடுத்துவைக்கவில்லை. போன வாரம் தொட்டியில் புளிப்பேறி எல்லாம் பாழாய்ப் போயிற்று. கஸ் செத்து ஆறு வருடம். அவனுடைய பீரில் லேசாகப் பேரிக்காய் வாசம் வரும், அந்த ஈஸ்டால் வருகிற வாசம். அவனென்று அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

கம்பெனிச் சட்டையில் குவளை துடைத்துக்கொண்டிருந்த டுவெய்ன், வாளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"வா மார்லா. வழி ஞாபகம் இருக்கா?"

"கிண்டல் பண்ணிக்கோ, எனக்கு நல்லா வேணும். கஸ்ஸோட ஈஸ்ட் கெட்டுப்போச்சு. ஒரு வாளி குடு, போயிடறேன். உங்க முதலாளிகிட்ட கேக்கணுமா?"

"இருந்தா கேக்காமலே குடுப்பேன். வேற ஈஸ்ட் அனுப்பிட்டாங்க மார்லா. பழச சாக்கடையில விடச் சொன்னாங்க."

"நீயும் விட்டுட்ட."

"உனக்குன்னு ஒரு வாளி எடுத்துட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் 'மூடியாச்சு'ன்னு பலகையத் திருப்பின."

அவளுக்கு நினைவிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் நின்றதும், அவன் முகத்துக்கு நேரே பலகையைத் திருப்பியதும், அன்றெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும். அவன் கையில் என்ன இருந்தது என்று மட்டும் அவள் பார்க்கவில்லை.

"வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்கலாமே, பாவி."

"எனக்கும் ரோஷம் இருக்கும்ல? அதே கோபத்துல வந்து ஊத்திட்டேன். அன்னிலேருந்து எனக்கும் மனசு சரியில்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று வாளியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டுவெய்ன் உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பாட்டிலோடு வந்தான்.

"கஸ்ஸோட சாவுக்கு நாம சேர்ந்து காய்ச்சினது. எல்லாரும் குடிச்சீங்க, எனக்கு மனசு வரல. அடியில வண்டல் இருக்கு பாரு, அது கஸ்ஸோட ஈஸ்ட்தான். உயிர் இருக்குமான்னு தெரியல."

"ஆறு வருஷமாச்சே."

"ஆமா."

வாளியை அங்கேயே விட்டுவிட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி அவள் வெளியே வந்தாள். மழை வலுத்திருந்தது. ஓடினால் வண்டல் கலங்கும். தெருவில் வந்துகொண்டிருந்த கம்பெனி லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. டுவெய்ன் தெருவுக்குள் ஓடிவந்து, அதற்கு நேரே கையை உயர்த்தி நின்றான். கம்பெனிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மார்லா திரும்பிப் பார்க்காமல், அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள்.