கிளிமூக்குச் சில்லு

எக்ஸ்ரே மெஷினைச் சோதிக்கும் பொட்டலத்தைக் காணோம். சிவப்புத் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தவன்தான் அதைத் தொலைத்தவனும்.

கைக்குழந்தைகளுக்கான கஞ்சி மாவைப் பொட்டலம் போடும் தொழிற்சாலை அது. பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் எக்ஸ்ரே ஊடுருவிப் பார்க்கும். உள்ளே கல்லோ கம்பியோ கண்ணாடியோ தெரிந்தால் மெஷின் கீச்சென்று கத்தும். பக்கத்துக் குழலிலிருந்து காற்று புஸ்ஸென்று ஊதி, பொட்டலத்தைச் சிவப்புத் தொட்டியில் தள்ளிவிடும். திரைக்கு முன்னால் உட்காரும் அவனுக்கு அங்கே 'டாக்டர்' என்று பட்டப்பெயர். எட்டாம் வகுப்பையே தவணை முறையில் படித்து முடித்தவன். "என் பேஷண்ட் ஒருத்தர்கூட இதுவரைக்கும் கம்ப்ளெயிண்ட் பண்ணதில்ல" என்று பெருமையடித்துக்கொள்வான்.

மெஷினுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கக் கம்பெனி கண்ணாடித் துணுக்கு பதித்த ஓர் அட்டை கொடுத்திருந்தது. அதைப் போன மாதமே தொலைத்துவிட்டான். சொன்னால் திட்டு விழும். ஆகவே உடைந்த கண்ணாடித் தம்ளரிலிருந்து ஒரு சில்லை எடுத்து, மாவுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து உள்ளே போட்டு, மறுபடி ஒட்டி, அடையாளத்துக்கு மேலே சிவப்புத் தாளும் ஒட்டிக்கொண்டான். மணிக்கொரு தரம் அதைப் பெல்ட்டில் விட்டதில் தாள் உரிந்துபோயிற்று. நாளைக்கு ஒட்டலாம் என்றிருந்தான். சோம்பேறிக்கு 'நாளைக்கு' தாய்மாமன் மாதிரி. எப்போது போனாலும் இடம் கொடுக்கும்.

அன்று மாவுக் கட்டிகளையெல்லாம் கண்ணாடி என்று நினைத்து மெஷின் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. தொல்லை தாங்காமல் காற்றை மூடிவிட்டான். பெட்டியில் அடுக்கும் பெண்ணிடம் தன் மாமியார் பூனையோடு சண்டை போட்ட கதையை அவிழ்த்துவிட்டபடியே சோதனைப் பொட்டலத்தைப் பெல்ட்டில் வைத்தான். மெஷின் கத்தியது. காற்று ஊதவில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டலம் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி லாரிக்குள் போயிற்று.

தொட்டியில் அது இல்லை என்று தெரிந்ததும் மேனேஜரிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கிடங்கில் மிச்சமிருந்ததையெல்லாம் மறுபடி மெஷினில் ஓட்டிப் பார்த்தார்கள். இல்லை.

"அப்ப லாரியிலதான் போயிருக்கு சார். கடைங்களுக்குச் சொல்லிடலாமா?"

"ஒரே ஒரு பொட்டலத்துக்கு ஊரெல்லாம் தண்டோரா போடச் சொல்றியா?"

"குழந்தைங்க சாப்பிடறது சார்."

"மேலிடத்துல பேசிட்டிருக்கோம். பாத்துக்கலாம், போ."

வேலை முடிந்ததும் அவன் கடைகடையாக ஏறி இறங்கினான். அகப்பட்ட பொட்டலங்களை வாங்கி வந்து மெஷினில் விட்டுப் பார்த்தான். "வீட்ல ரெட்டைப் புள்ளைங்களா?" என்றார் ஒரு கடைக்காரர். "எனக்கேதாங்க. இன்னும் பல்லு முளைக்கல" என்றான். வீட்டில் மூன்று வேளையும் கஞ்சி. "எனக்குப் பல்லு முளைச்சு முப்பது வருஷமாச்சுய்யா" என்று கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள் மனைவி. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை மறுபடி இழுத்துக் குடித்தாள். பொட்டலங்களில் மாவைத் தவிர எதுவும் இல்லை.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அறையில் கம்பெனி ஆய்வகத்து அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் ஒரு ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நிழலைப் பாத்துப் பழகினவன் நீ. இது என்னன்னு சொல்லு."

முதலில் அவனுக்குக் கண்ணில் பட்டது விலா எலும்புகள். சீப்பின் பற்களைப் போல அவ்வளவு மெல்லிசு. அவன் உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும் மார்பு. கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணுக்கு. அவன் திரையில் கண்ணாடி கறுப்பாகத் தெரியும், இதில் வெள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கிளிமூக்கு மாதிரி வளைந்த கூர். மணிக்கொரு தரம் பார்த்த உருவம், கண்ணை மூடினாலும் தெரியும்.

"நம்மளதுதான் சார்."

"அப்படி அடிச்சுச் சொல்லாதய்யா. எந்த வீட்டுத் தம்ளரோ! கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். உன் தலை உருளாது, கவலைப்படாத."

"குழந்தை எப்படி இருக்கு சார்?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரில பாத்துக்குவாங்க." ஃபிலிமை உறையில் செருகிக்கொண்டு அவர் வெளியேறினார்.

அக்கா எழுந்து போகப் பார்த்தாள். அவன் கதவை மறித்தான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. இருக்கா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "இருக்கு. உணவுக் குழாய் கிழிஞ்சுபோச்சு. வயித்துல ஓட்டை போட்டு, டியூப் வழியா ஊத்தறாங்க. வாயால எப்ப சாப்பிடும்னு தெரியாது. சாப்பிடுமான்னே தெரியாது."

"மெஷின் கோளாறுங்கறாரே…"

"மெஷின் சரியாத்தான் கத்திச்சு, தம்பி. நீதான் கேக்கல."