நட்சத்திரத்துக்கு வெளியே ஒரு லயம்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என்னுடையது. நியூத்திரன் நட்சத்திரம் எவ்வளவு சிறியது என்று காட்ட, கண்டியை நடுவில் வைத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் போட்டேன். சுற்றியுள்ள ஊர்களை பஸ் ஓடும் தூரத்தை வைத்துக் குறித்தேன். மலைநாட்டில் எங்களுக்குத் தெரிந்த தூரம் அதுதானே. பிழை புரிந்ததும் வெட்கப்பட்டு, அதைத் தூக்கி என் கதைநாயகி நிலூஷாவின் தலையில் போட்டுவிட்டேன்.

2

நிலூஷா அன்று காலை பஸ்ஸில்—

(வேண்டாம். பஸ்ஸில் தொடங்கினால் மூடுபனி, தேயிலை என்று வழுக்கிக்கொண்டே போய்விடுவேன்.)

வகுப்பறையிலேயே தொடங்குகிறேன். ஆசிரியர் வேலைக்கான மாதிரிப் பாடம், பதினைந்து நிமிடம். தெல்தோட்டைப் பாதையில் ஒரு தோட்டத்திலிருந்து வரும் நிலூஷாவுக்கு இது மூன்றாவது முயற்சி. வயதெல்லை நெருங்கிவிட்டதால் இதுவே கடைசி. பின்னால் இரண்டு தேர்வாளர்கள், மடியில் புள்ளித்தாள்.

"சூரியனவிடப் பாரமான ஒன்னு இந்த வட்டத்துக்குள்ள நெரிஞ்சு கெடக்குதுன்னு நினைச்சுக்கங்க," என்றாள் பிள்ளைகளிடம். "அதுல ஒரு தேக்கரண்டி அள்ளினா நூறு கோடி தொன்னுக்கும் மேல."*

அட்டையில் சிவப்பு வட்டம். உள்ளே பல்லேகல, வெளியே கலகெதர. அதற்கும் அப்பால் அவளுடைய தோட்டம். கண்டியிலிருந்து பஸ்ஸில் இருபத்தேழு கிலோமீற்றர் அல்லவா.

"படம் வடிவா இருக்கு," என்றார் தேர்வாளர் சண்முகநாதன், பக்கத்திலிருந்த பத்மாதேவியிடம். நிலூஷாவுக்கு உயிர் வந்தது.

* இந்தக் கணக்கு சரி. மூன்று தடவை பார்த்தேன்.

3

(சண்முகநாதனை நல்ல மனிதராகத்தான் எழுதினேன். ஆனால் நல்ல மனிதர்களும் புள்ளி குறைப்பார்கள்.)

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிரே ஹந்தானை மலை. அதன் முதுகுப்பக்கம்தான் அவளுடைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பஸ் மலையைச் சுற்றி ஊர்ந்து போவதால்தான் இருபத்தேழு. நேர்கோட்டில் பத்துக்கூட வராது. தன் வீட்டைத் தானே நட்சத்திரத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறாள்.

இன்னும் மூன்று நிமிடம். வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் அட்டை முழுக்கப் பிழை, வேலையும் போகலாம்.

அப்போது பத்மாதேவி கேட்டார். "பிள்ளை, நீங்கள் எங்கயிருந்து வாறனீங்கள்? அட்டையில காட்டுங்கோ பாப்பம்."

4

முடிவு ஒன்று: வெளியே இருக்கும் புள்ளியைத் தொடுகிறாள். வேலை கிடைக்கிறது. முப்பது வருடமாக அந்த அட்டையை— (வெட்டிவிட்டேன். எனக்கே பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: "மன்னிச்சிருங்க, எங்க வீடு உள்ளுக்குத்தான் இருக்கு," என்கிறாள். தேர்வாளர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். (பொய். யாரும் எழும்பமாட்டார்கள்.)

முதல் பகுதிக்குப் போய் என் பிழையைத் திருத்தினால் அவள் தப்பிவிடுவாள், கதை போய்விடும். எனக்கு மனம் வரவில்லை. சொல்லக் கூசுகிறது.

நிலூஷா சிவப்புப் பேனையைத் திறந்துவிட்டாள். கை அட்டையின் மேல் நிற்கிறது. பத்மாதேவியின் கதிரையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், புள்ளித்தாள் உங்கள் மடியில். அவள் பிழையை ஒப்புக்கொண்டால் எத்தனை புள்ளி போடுவீர்கள்? அது தெரியாமல் அவள் கையை நகர்த்தமாட்டாள்.