லிஜோவின் தலை சரிந்த பக்கம்

என் பேரன் லிஜோவுக்கு ஏழு மாதமானபோது அவன் தலையின் வலது பின்பக்கம் தட்டையாகிக்கொண்டே வந்தது. தொப்பி போட்டால், பிள்ளையை எந்தத் திசைக்குத் திருப்பிப் பிடித்தாலும் அது பக்கத்து ஊரான இரணியல் பக்கமாகவே சரியும்.

மருத்துவர் தடவிப் பார்த்தார். பச்சைப் பிள்ளைகளின் மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே, வளர்வதற்கென்று இடைவெளி இருக்குமாம். அதில் ஒன்று முன்கூட்டியே மூடியிருந்தால் அறுவைசிகிச்சைதான்.

"சி.டி.யில எலும்பு தெளிவாத் தெரியும், ஆனா கதிர்வீச்சு படும். எம்.ஆர்.ஐ.யில அது கிடையாது. பிள்ளை மட்டும் அசையாம கிடக்கணும்" என்றார்.

"அசையாமலா? இவனா?" என்றாள் என் மருமகள் ஜின்சி.

ஸ்கேன் அறை முழுக்கக் காந்தம். கைக்கடிகாரத்தை வெளியிலேயே கழற்றி வைத்தேன். அப்படியும் அதன் இரண்டு முள்ளும் இன்றுவரை வடக்கேதான் காட்டுகின்றன.

ஸ்கேன் எடுக்கும் வினோஜ், லிஜோவைத் துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்துக் கிடத்தினான். லிஜோ வீறிட்டான்.

"நாளைக்கு மயக்க ஊசி போட்டு எடுப்போமா அக்கா?"

ஜின்சியின் முகம் வெளுத்தது.

"மக்கா, நீ மெஷினை ஓட்டு" என்றேன். எங்கள் வீடு கடலை ஒட்டியது. வள்ளத்து எஞ்சின் சத்தம் கேட்டால்தான் லிஜோ உறங்குவான் என்று சொன்னேன்.

"பாட்டா, இது வள்ளம் இல்ல."

"ஓட்டிப் பாருலே!"

மெஷின் தடதடத்தது. லிஜோவுக்குக் கண் சொருகியது. அவன் விட்ட குறட்டையில் மெஷின் சத்தமே கேட்காமல், அது நின்றுபோனதோ என்று வினோஜ் ஓடிவந்து பார்த்தான்.

மருத்துவர் படத்தைக் காட்டினார். எலும்பு கறுப்பாக இருந்தது; நடுநடுவே வெளிறிய கோடுகள்.

"இதுதான் இடைவெளி. எல்லாம் திறந்துதான் இருக்கு. ஆபரேஷன் வேண்டாம்."

ஜின்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பின்ன தலை ஏன் சார் சரிஞ்சு போச்சு?"

"எப்பவும் ஒரே பக்கமா திரும்பிக் கிடக்கானா?"

ஜின்சி என்னைப் பார்த்தாள். என் மகன் சிஜோ கத்தாரில் வேலை பார்க்கிறான். வேலை இல்லாத நேரமெல்லாம் வீடியோ காலில்தான் இருப்பான். பிள்ளையின் வலது பக்கத்தில், பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் அப்பா முகம்.

"அந்தப் போனை இடது பக்கம் வையுங்க" என்றார் மருத்துவர்.

வைத்தோம். தலை மெல்ல உருண்டையானது.

கிறிஸ்துமஸுக்கு சிஜோ வந்தான். அவனும் அங்கே போன் பக்கமே திரும்பிக் கிடந்தவன்தானே என்ற சந்தேகத்தில் அவன் தலையையும் தடவினேன். வலது பக்கம் தட்டை. மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

"இவருக்கு எலும்பு எல்லாம் மூடியாச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார்.