ஹனீஃபாவின் வேகம்

அத்தா ஹனீஃபாவின் போனைத் திறக்க ஃபராவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. புள்ளிகளின் மேல் விரலால் ஒரு 'ட' போட்டால் போதும். ரகசியம் என்று எதையும் காப்பாற்றத் தெரியாத மனிதர், பூட்டையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லைச் சுற்றிப் போர்வைகளைத் திரையாகக் கட்டி அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மொள்ளும் சத்தம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கேட்டது.

"இதுல இருக்கிற நம்பருக்கெல்லாம் சொல்லிடு" என்று அண்ணன் ஷாகுல் போனை அவள் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தான். "சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் தூக்கிடுவாங்க. உக்காந்து அழுதுட்டு இருக்காத." சொன்னவனுடைய கண்தான் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தது.

காலையில் தொழுதுவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து டீ கேட்டவர், அம்மா மெஹர் பானு டீயோடு வருவதற்குள் போயிருந்தார். அறுபத்து நான்கு வயது. எல்லாவற்றிலும் நிதானமாக இருந்த மனுஷன் இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டாரே என்று, துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

போன் திறந்ததும் எண்கள் வரவில்லை, ஹனீஃபாதான் வந்தார். கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து வைத்து, அடியில் பிளேடைச் சுற்றவைக்கும் கப்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. ஒரு முறை நழுவி, இரண்டாம் முறை பிடித்து, மெல்ல, மிக மெல்ல.

ஃபரா போனை முகத்தருகே கொண்டுபோனாள். இது அவள் பதிவேற்றிய வீடியோதான். ஆனால் அவள் பதிவேற்றிய வீடியோவில் அத்தாவின் கை நடுங்காது. நடுங்காமல் இருப்பதற்காகத்தானே அத்தனையும் செய்தாள்! திரையின் ஓரத்தைப் பார்த்தாள். வேகம் என்ற இடத்தில் 0.5 என்று இருந்தது.

இரண்டு மடங்காக்கிப் போட்டதைப் பாதியாக்கிப் பார்த்தால் என்ன வரும்? உள்ளது உள்ளபடி வரும். அத்தாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

கடையில் வேலை குறைவான ஞாயிறுகளில் இந்த வீடியோக்களை எடுக்கலாம் என்று யோசனை சொன்னவளே அவள்தான். பெருங்களத்தூரில் இருபத்தெட்டு வருடமாக மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்தவர். சின்னச் சின்னக் கோளாறைப் பெண்கள் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளட்டுமே என்று அவரும் உற்சாகமாக உட்கார்ந்தார். முதல் வீடியோவுக்கு வந்த முதல் கருத்தே, 'பெருசு கைய உள்ள விட்டாலே சட்னி ஆயிடும், மிக்ஸி எதுக்கு' என்பது. கீழே நானூறு பேர் சிரித்திருந்தார்கள். ஃபரா அதை அழித்துவிட்டு, அன்று சோறு இறங்காமல் படுத்தாள். மறுவாரத்திலிருந்து எல்லா வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் போட்டாள். வேகத்தில் நடுக்கம் தெரியாது. அத்தா செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்கப் போகிறவரைப் போலப் பரபரவென்று வேலை பார்ப்பார். பின்னணியில் ஒரு துள்ளல் இசை. பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறியது.

அவளை இப்போது அறுத்துக்கொண்டிருந்தது போன ஞாயிறுதான். பதினொரு நிமிடம் எடுத்து முடித்ததும், ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தபடி அவர் கேட்டார். "ஃபரா, இத கொஞ்சம் மெதுவா போட முடியாதாம்மா?"

"மெதுவா போனா யாரு அத்தா பாப்பாங்க? தள்ளி விட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

அவர் துடைத்த ஸ்க்ரூடிரைவரையே மறுபடியும் துடைத்தார். அவளும் மறுநாள் கேளம்பாக்கம் ஆபீஸுக்கு ஓடவேண்டிய அவசரத்தில் எழுந்து போய்விட்டாள். இன்று வியாழன். கேட்டு நான்கே நாள்.

'உங்களை மறைக்கப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டே போயிட்டீங்களா அத்தா?' இதை யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவரைத் திரைக்குப் பின்னால் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்களைத் திறந்தாள். அங்கே வேறொரு கூத்து. ஹனீஃபாவுக்கு மனிதர்களின் பெயர் மனதில் நிற்காது, அவர்கள் வீட்டுச் சாமான் நிற்கும். 'சேலையூர் ஜார் லீக்', 'காட்டாங்குளத்தூர் பெரிய ஜார்', 'கிரைண்டர் பெல்ட் டீச்சர்', 'டேபிள் ஃபேன் மச்சான்', 'புகை வந்த மிக்ஸி'. இதில் சொந்தக்காரர் யார், வாடிக்கையாளர் யார்? டேபிள் ஃபேன் மச்சான் அம்மாவின் சொந்த அண்ணன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். மற்றவர்களைப் பிரிக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. மௌத்துச் செய்தியை எழுதி, இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

பிற்பகலுக்குள், வீடு இருந்த பீர்க்கன்கரணை ஏரித் தெரு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு திரிபுரசுந்தரி, கிரைண்டர் பெல்ட் டீச்சர் என்று பதிவாகியிருந்தவர், இரண்டு தெருவுக்கு ஆள் விட்டு நாற்காலி வரவழைத்தார். முன்பின் தெரியாத பெண்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து மெஹர் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைத் துணி சுற்றி முகம் மட்டும் தெரிய ஹனீஃபாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஃபரா கால்மாட்டில் உட்கார்ந்து, துணிக்குள் மறைந்துவிட்ட கைகள் இருந்த இடத்தையே பார்த்தாள். நடுக்கம் தொடங்கிய மூன்று வருடத்தில் முதல் முறையாக அவை அசையாமல் இருந்தன. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு கனமான துணிப்பை, அதன் வாயில் ஒரு பெரிய மிக்ஸி ஜாரின் கைப்பிடி. வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, இது மிக்ஸி பாய் வூடுதானே? கடை பூட்டிக் கீது. இங்கதான் வழி சொன்னாங்க..."

யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். ஃபரா அனுப்பிய செய்தியை அவள் பார்த்திருக்கவில்லை. அவள் பையை அப்படியே மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். ஃபராவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"நீங்க காட்டாங்குளத்தூர் பெரிய ஜாரா?"

கேட்ட பிறகுதான் கேட்ட விதம் உறைத்தது. அந்தப் பெண் அதைத் தப்பாக எடுக்கவில்லை.

"ஆமாம்மா. ஞானசௌந்தரி. ஹாஸ்டல்ல சமையல் பண்றேன். நீதான் ஃபராவா? வீடியோ போடுற பொண்ணு?"

"யாரு சொன்னா?"

"அவருதான். உன்னப் பத்திதாம்மா பேசுவாரு." ஞானசௌந்தரி தயங்கினாள். "போன வாரம் எங்க பெரிய ஜார்ல கப்ளர் தேஞ்சி போச்சி. உங்க வீடியோவப் பாத்து கழட்டலாம்னு உக்காந்தா, கை எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியல, அவ்ளோ ஸ்பீடு. நானு இடப்பக்கம் திருப்பித் திருப்பி இன்னும் இறுக்கிட்டேன். அத அவருகிட்ட சொன்னேன். அதுக்கு வாய்ஸ்ல பதில் போட்டாரு. வராட்டி வியாழக்கிழம எடுத்தாங்கன்னாரு. அதான் வந்தேன்."

 ஞாயிற்றுக்கிழமை அத்தா கேட்டது இவளுக்காகவா?

"எப்ப போட்டாரு?"

"திங்கக்கிழம. கேக்குறியா? உன்னான்ட சொல்ல வேணாம்னுதான் சொன்னாரு. ஆனா இன்னிக்கிச் சொல்லாம நான் எப்படிப் போவேன்?"

இருவரும் சமையலறைக்குள் போனார்கள். ஞானசௌந்தரி போனை நீட்டினாள். ஒரு நிமிடம் நாற்பது நொடி. ஃபராவின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் வேகத்தைக் கூட்டும் இடத்துக்குப் போனது. ஆபீஸில், பஸ்ஸில், எவர் அனுப்பிய குரலையும் அவள் ஒன்றரை மடங்கில்தான் கேட்பாள். விரலை இழுத்துக்கொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா, ஹனீஃபா பேசுறேன். நீங்க சொன்னது சரிதான்மா, வேகமாத்தான் போகுது. ஒண்ணு பண்ணுங்க. வீடியோ மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க, அதத் தொட்டா ஸ்பீடுன்னு வரும். அதுல அரைன்னு வெச்சுக்கங்க. நான் அப்படித்தான் பாப்பேன். அப்பத்தான் என்னை எனக்கே அடையாளம் தெரியுது." சிரிப்பு. இடையில் ஒரு பஸ் ஹாரன். "அது என் பொண்ணு பண்றதும்மா. ஒருத்தன் ஏதோ கிண்டல் பண்ணிட்டான், அத அழிச்சிடுச்சு, ஆனா நான் முன்னாடியே படிச்சிட்டேன். நாலு பேரு என் கையப் பாத்துச் சிரிச்சிரக் கூடாதுன்னு பாவம், அது வேலைக்குப் போயிட்டு வந்து உக்காந்து ஓட்டிவிடுது. நான் நேத்துக் கேட்டுப் பாத்தேன், மெதுவா போட்டா யாரும் பாக்க மாட்டாங்கன்னுச்சு. அதுவும் நியாயம்தான். எனக்கு நடுங்குனா நடுங்கிட்டுப் போகட்டுமே, வேலை நடக்குதுல்ல? ஆனா அதுகிட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படும். கப்ளர வலப்பக்கம் திருப்புங்கம்மா. எல்லாத் திருகும் ஒரு பக்கம்னா, இது மட்டும் ஏறுக்குமாறு. அவசரப்படாம திருப்புங்க, வந்துரும். வராட்டி வியாழக்கிழம எடுத்துட்டு வாங்க."

ஃபரா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. ஞானசௌந்தரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில், 'என்னை எனக்கே அடையாளம் தெரியுது' என்பது நினைவுக்கு வந்து ஃபராவுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அடப் பாவி மனுஷா, எவ்வளவு பெரிய ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்!

அஸருக்குப் பிறகு அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தெருமுனை திரும்பும்வரை பெண்கள் வாசலுக்குள் நின்று பார்த்தார்கள். ஷாகுல் முன்னால் போனான். கூட்டம் அதிகம் என்பதால் ஊர்வலம் மெல்லத்தான் நகர்ந்தது.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வீடு ஓரளவு அடங்கியது. திரிபுரசுந்தரி டீச்சர் கொண்டுவந்த இட்லி தூக்குப் பாத்திரத்தில் அப்படியே இருந்தது. அதை எடுத்துவைக்கப் போன ஃபரா, மாடிப்படிக்கு அடியில் துணிப்பையைப் பார்த்தாள். ஞானசௌந்தரி மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே பெரிய ஜார். நாளைக்கு அத்தனை பிள்ளைகளுக்கும் சட்னி அரைக்க வேண்டுமே அந்த அம்மா!

ஃபரா தன் போனை எடுத்து, போன ஞாயிறு எடுத்த வீடியோவைத் தேடினாள். வெட்டாதது, ஓட்டாதது, பதினொரு நிமிடம். இசை வைக்கவில்லை. வேகத்தைத் தொடவில்லை. அப்படியே பதிவேற்றினாள்.

பிறகு கூடத்து மூலையிலிருந்து அத்தாவின் சாமான் பையை இழுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அத்தாவின் போனைத் தூக்குப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்து, இப்போது போட்ட வீடியோவைத் திறந்தாள்.

ஹனீஃபா வந்தார். ஆனால் அவருடைய கை வழக்கத்தைவிட மெதுவாக, கனவில் நடப்பது போல நகர்ந்தது. அவர் வைத்திருந்த பாதி வேகம் அப்படியே இருந்தது. ஃபரா அதை மாற்ற விரலை நீட்டினாள்.

"இருக்கட்டும்" என்றாள் மெஹர் பானு.

அம்மா எப்போது அறையிலிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. வெள்ளைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீடியோவிலும் ஓரத்தில் ஜாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கைகள் அவளுடையவைதான். இன்று வளையல் இல்லாமல் அந்தக் கைகள் வெறுமையாக இருந்தன. ஒரு துணியைச் சுருட்டி ஜாருக்குள் விட்டு, பிளேடு சுற்றாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ம், திருப்பு."

ஃபரா கப்ளரைக் குறடால் பிடித்து வலப்பக்கம் திருப்பினாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். நாள் முழுக்கச் சாப்பிடாத கை வெடவெடவென்று நடுங்கியது. மறுபடி நழுவியது.

"அவசரமே இல்ல" என்றாள் அம்மா.

நான்காவது தடவையில், 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு கப்ளர் கழன்று ஃபராவின் உள்ளங்கையில் விழுந்தது. இருவரும் நிமிர்ந்து போனைப் பார்த்தார்கள்.

அதில் ஹனீஃபா இன்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.